ஆத்துக் கணக்கைத் திற! எங்க கிணத்துக் கணக்கை அப்புறம் எழுது!

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில், நொய்யல் பகுதி விவசாயிகள் சார்பில் சங்கம் பேசியதன் எழுத்து வடிவம்)

  

வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். அதனால நேரா விசயத்துக்கு வர்றோம்.

நொய்யல் படுகையில் நம்ம குறுவட்டங்கள் பலவும் அரசாங்கப் பட்டியலில் 'அதிநுகர்வு' என்று நிற்கின்றன. அதாவது, மண்ணுக்குள்ளே இறங்குவதைவிட நாம் அதிகமாக இறைத்துவிட்டோமாம். பேங்குக்குப் போய்க் கிணறு ஆழப்படுத்தக் கடன் கேட்டால் மேனேஜர் அந்தப் பட்டியலைத்தான் எடுத்து முன்னால வைக்கிறார். அதே சமயம் 'பாதுகாப்பானது' என்று எழுதப்பட்ட ஊரில் என்ன நடக்கிறது? தண்ணீரை லாரியில் ஏற்றி விற்பவனும், பாட்டிலில் அடைத்து விற்பவனும் அதே பட்டியலைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஆகக் கணக்கைக் குறைச்சு எழுதினாலும் அடி நமக்கு. கூட்டி எழுதினாலும் அடி நமக்கு. அப்படிப்பட்ட கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்கத்தான் இன்னைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம். சும்மா கோஷம் போட்டுவிட்டுப் போவதற்கு இல்லை.

ஒரு வருசம் பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள்ளே இறங்கியது? இது ஒரு கேள்வி. நாம் எவ்வளவு இறைத்தோம்? இது இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் நம்ம தலையெழுத்து. 70-க்குள் வந்தால் பாதுகாப்பு. 70 முதல் 90 மித அபாயம். 90 முதல் 100 அபாயம். 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. முன்பு ஒன்றியம் ஒன்றியமாகப் போட்ட கணக்கை இப்போது குறுவட்டம் குறுவட்டமாகப் போடுகிறார்கள். 2022-லிருந்து வருசா வருசம் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனா போடுற முறை என்ன?

நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு என்று டெல்லியில் ஒன்று அமைத்தார்கள். 1984-ல் ஒரு முறை சொன்னார்கள், 1997-ல் திருத்தினார்கள், 2015-ல் மறுபடி திருத்தினார்கள். அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1997-ல் போட்டபடி, சிதைந்த கருங்கல் பூமியில் களிமண் கம்மியாக இருந்தால் மழையில் 100-க்கு 11 பங்கு உள்ளே இறங்கும்; அதே கல்லில் களிமண் அதிகமாக இருந்தால் 8 பங்கு. நம்ம தோட்டத்து மண்ணில் களி கம்மியா அதிகமா என்று யாராவது வந்து பார்த்தார்களா? ஒரு குறுவட்டத்துக்குள்ளேயே செம்மண்ணும் இருக்கு, கரிசலும் இருக்கு, வெறும் பாறையும் இருக்கு.

8-க்கும் 11-க்கும் நடுவில் மூணுதானே என்று நினைச்சுடாதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 50 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதாவது பன்னிரண்டாயிரம் ஏக்கருக்குச் சற்று மேலே. நம்ம பக்கம் மழை 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் விழுந்தது 350 லட்சம் கன மீட்டர். அதில் 11 பங்கு என்றால் 38.5 லட்சம். 8 பங்கு என்றால் 28 லட்சம். வித்தியாசம் பத்தரை லட்சம் கன மீட்டர். அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணி கேட்கிற வெள்ளாமை ஒரு ஏக்கருக்கு 2,000 கன மீட்டருக்குக் கொஞ்சம் கூடக் கேட்கும். அப்படியென்றால் ஒரு பட்டியலில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினால் 500 ஏக்கர் வெள்ளாமைத் தண்ணி வரும், அல்லது போகும். விரல் யாருடையது? நம்முடையது இல்லை.

'அதெல்லாம் இல்லீங்க, கிணத்து நீர்மட்டத்தையும் அளக்கிறோம்' என்பார்கள். அளக்கிறார்கள், உண்மைதான். மழைக்கு முன்னே மட்டம், மழைக்குப் பின்னே மட்டம், இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தைப் பரப்பால் பெருக்கி, பாறை இடுக்கில் தண்ணி நிற்கிற பங்கால் மறுபடி பெருக்குகிறார்கள். அந்தப் பங்குக்கும் ஒரு பட்டியல்தான். களி கம்மி என்றால் 3 விழுக்காடு, களி அதிகம் என்றால் 1.5 விழுக்காடு. ஒன்று இன்னொன்றின் பாதி! அதே 50 சதுர கிலோமீட்டரில் மட்டம் 3 மீட்டர் ஏறியது என்றால் ஒரு கணக்கில் 45 லட்சம், இன்னொரு கணக்கில் 22.5 லட்சம். அதுவும் போகட்டும். கிணறு சொன்ன கணக்கும் மழைக் கணக்கும் 20 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால், கிணறு சொன்னதைத் தள்ளிவிட்டு, மழைக் கணக்கிலிருந்து 20 விழுக்காடு மேலேயோ கீழேயோ நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. கிணறு கத்தினாலும் பட்டியல் விட்ட கயிற்றின் நீளத்துக்குத்தான் போக முடியும், கட்டிப்போட்ட மாடு மாதிரி.

இப்படிக் கிணற்றுக்கும் பட்டியலுக்கும் தகராறு வரும்போது மூணாவதாக ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி ஆறு.

பள்ளத்துல ஓடுற தண்ணி எங்கிருந்து வருது?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கிறது. பள்ளம் நிறையக் காவித் தண்ணி போகிறது. மழை விட்டு இரண்டு நாளில் காவி நின்றுபோகிறது. அப்புறமும் தண்ணி ஓடுகிறது, தெளிவாக, சில்லென்று. மார்கழி முழுக்க ஓடும், தையிலும் ஓடும். மேலே ஒரு சொட்டு மழை இல்லாமல் எப்படி ஓடுகிறது? நம்ம அப்பாருமார்கள் அதை ஊத்துத் தண்ணி என்றார்கள். மண்ணுக்குள்ளே இறங்கின மழைதான் கரையோரமாகக் கசிந்து பள்ளத்துக்கு வருகிறது. படித்தவர்கள் இதை அடிநீர் ஓட்டம் என்கிறார்கள். பேர்தான் வேற, தண்ணி ஒண்ணுதான்.

காவித் தண்ணி முடிந்து ஊத்துத் தண்ணி மட்டும் எப்போது மிஞ்சுகிறது என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 50 சதுர கிலோமீட்டர் வடிகிற பள்ளத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள். நொய்யல் மொத்தப் படுகை, சுமார் 3,500 சதுர கிலோமீட்டர், அதற்கு நாலு நாள். அதற்குப் பின்னால் பதிவேட்டில் எழுதியிருப்பது பூமி கொடுத்த தண்ணி.

அடியில் சின்ன ஓட்டை விழுந்த மண்பானையை நினைச்சுக்குங்க. பானை நிறைஞ்சிருந்தால் வேகமாக ஒழுகும். தண்ணி இறங்க இறங்க ஒழுகுவதும் மெதுவாகும். ஒழுகுற வேகத்தைப் பார்த்தே, மூடியைத் திறக்காமல், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பள்ளமும் அப்படித்தான். நாம் ஒரு உதாரணம் சொல்றோம், இது கணக்குப் புரிவதற்காக மட்டும். எந்த ஊர்ப் பள்ளமும் இல்லை. தை பிறக்கும்போது 8 கன அடி ஓடுகிறது. முப்பது நாள் கழித்து 4. அடுத்த முப்பதில் 2. அதற்கடுத்து 1. முப்பது நாளைக்கு ஒரு முறை பாதியாகிறது. இப்படியே விட்டால் கடைசிச் சொட்டு வரை மொத்தம் எவ்வளவு வரும் என்று கூட்டலாம். 8 கன அடியில் ஆரம்பித்தால், ஒரு கன அடி வீதம் 346 நாள் ஓடுகிற அளவு வரும். போன வருசம் கோடைக் கடைசியில் 1 கன அடி ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே மிச்சம் இருந்தது 43 நாள் அளவு. ஆக இந்த மழைக்காலம் பானைக்குள் புதிதாக ஊற்றியது 346-இல் 43 போக 303. ஒரு கன அடி ஒரு நாள் ஓடினால் 2,447 கன மீட்டர். 303 நாளைக்கு 7.4 லட்சம் கன மீட்டர். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஊறி வெளியே வந்ததை இதோடு தனியாகக் கூட்ட வேண்டும்.

இதில் களிமண் எவ்வளவு, பாறை இடுக்கு எவ்வளவு என்று எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டு ஐம்பது ஊருக்கு எழுத வேண்டியதில்லை. பள்ளம் தன் பரப்பு முழுவதையும் தானே கூட்டிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கணக்குச் சொல்லிவிடுகிறது. அதுதான் இந்த முறையின் பலம்.

இங்கேதான் எல்லாரும் காதைத் தீட்டிக்கணும். இந்த 7.4 லட்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு அதிகாரி, 'பாருங்கய்யா, மழையில் இரண்டு பங்குதான் உள்ளே இறங்கியிருக்கிறது, நீங்க எல்லாம் திருட்டுத்தனமா இறைக்கிறீங்க' என்று சொல்லக்கூடும். விடக்கூடாது. பள்ளத்துக்கு வந்தது, நம்ம கிணற்றுக்கும் போருக்கும் தப்பி வந்தது மட்டும்தான். வழியிலேயே நாம் இறைத்தது அதில் இல்லை. வேர் ஆழமாகப் போகிற மரம் குடித்தது இல்லை. அதே பரப்பில் 200 கிணறு, நொடிக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வருசத்துக்கு 150 நாள் என்று வையுங்கள். 21.6 லட்சம் கன மீட்டர் ஆகிறது. அதில் கால் பங்கு வயலிலிருந்து மறுபடி கீழே இறங்கியது என்றால் மீதி 16.2 லட்சம். அதையும் 7.4 லட்சத்தையும் கூட்டினால் 23.6 லட்சம். மழையில் ஏறக்குறைய 7 பங்கு. ஆத்துக் கணக்கு எப்பவும் குறைந்தபட்சக் கணக்கு. அதோடு இறைத்த கணக்கைச் சேர்த்தால்தான் முழுசாகும்.

கோடையில் ஒரு சொட்டு ஓடாத பள்ளம் இருக்கே, அதுக்கு என்ன பண்றதுன்னு கூட்டத்துல ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. கௌசிகா நதியில தண்ணி பார்த்து எத்தனை காலமாச்சு? நல்லாற்றிலே ஊத்துத் தண்ணி எங்கே? அவிநாசிப் பக்கம் போர் ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்டது. நீர்மட்டம் பள்ளத்துக்குக் கீழே போய்விட்டால் பூமி பள்ளத்துக்குக் கொடுக்காது. பள்ளம்தான் பூமிக்குக் கொடுக்கும். அங்கே ஆத்துக் கணக்கு பூச்சியம் என்று காட்டும். அதற்காக மழை உள்ளே இறங்கவே இல்லை என்று அர்த்தமில்லை. இறங்கினதை எல்லாம் நாமே எடுத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தப் பூச்சியத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. என்னவென்று சொல்றோம்.

மதிப்பீட்டு விதியில் 'இயற்கையாக வெளியேறும் நீர்' என்று ஒரு கழிவு உண்டு. பூமியிலிருந்து ஆற்றுக்குப் போகிற தண்ணியை நாம் இறைக்க முடியாது என்பதால் அதை முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். நியாயம்தான். ஆற்றுக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும், கீழே இருக்கிறவனும் விவசாயிதான். ஆனால் எவ்வளவு கழிக்கிறார்கள்? கிணற்றுமட்டக் கணக்கு என்றால் 5 விழுக்காடு, மழைக் கணக்கு என்றால் 10 விழுக்காடு. ஓடுகிற ஆறானாலும் சரி, பத்து மாசம் புழுதி பறக்கிற பள்ளமானாலும் சரி, அதே 5, அதே 10.

ஒரு குறுவட்டத்தில் உள்ளே இறங்கியது 100 பங்கு, நாம் எடுத்தது 88 பங்கு என்று வைப்போம். கழிவே இல்லை என்றால் 88 விழுக்காடு, மித அபாயம். 5 கழித்தால் 88-ஐ 95-ஆல் வகுக்கணும், 92.6 வரும், அபாயம். 10 கழித்தால் 97.8. ஆற்றில் ஒரு சொட்டும் போகாத ஊரில், போனதாகக் கழித்து, நம்மை ஒரு படி கீழே தள்ளிவிடுகிறார்கள். போகாத தண்ணிக்கு நாம் எதுக்குக் கடன்காரன் ஆகணும்?

இதே கழிவு மேற்கே மலையடிவாரத்தில் தலைகீழாகத் தப்பாகும். வெள்ளிங்கிரி மலைச் சாரலிலிருந்து இறங்குகிற ஓடைகளில் மழை விட்ட பின்னும் ஊத்துத் தண்ணி நிறைய வருகிறது. அங்கே 10 கழிப்பது போதாமல் இருக்கலாம். நம்ம உதாரணக் கணக்கிலேயே பாருங்க: 38.5 லட்சத்தில் 10 விழுக்காடு 3.85 லட்சம்தான், பள்ளம் காட்டியது 7.4 லட்சம். அங்கே கணக்குக் கூடுதலாக எழுதப்பட்டு, தண்ணி இருப்பதாகச் சொல்லி யாரோ ஒருத்தருக்கு அனுமதி போகும். கீழே சித்திரைச்சாவடி வாய்க்காலில் தண்ணி குறையும். நமக்கு வேண்டியது சாதகமான கணக்கு அல்ல, சரியான கணக்கு. நம்ம ஊருக்குப் பாதகமாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று சங்கத்தில் பேசித்தான் வந்திருக்கிறோம். கடைசியா மிச்சம் இருக்கிற நகையையும் அடகு வைத்து ஆயிரம் அடி போர் போட்டுக் காத்து வாங்கினவனுக்குத்தான் தெரியும், பொய்யா எழுதின 'தண்ணி இருக்கு' எத்தனை கொடுமை என்று.

இதெல்லாம் நாம் புதுசாகக் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை. 2015 விதியிலேயே எழுதியிருக்கிறது: ஓடை அளவீட்டு நிலையம் இருக்கிற இடத்தில் அதன் பதிவேட்டிலிருந்து அடிநீர் ஓட்டத்தைப் பிரித்துக் கணக்கிடலாம், உள்ளூர் அளவில் ஆய்வு மையங்களும் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் சேகரித்த விவரங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எழுதியவர்கள் நல்லாத்தான் எழுதியிருக்கிறார்கள். குறுவட்டம் ஒரு வருவாய் எல்லை, ஓடை அந்த எல்லையைப் பார்த்து ஓடாது என்று ஒரு சாக்குச் சொல்வார்கள். அப்படியானால் பள்ளத்தின் வடிபரப்பை வைத்து ஒரு கணக்குப் போட்டு, எந்தக் குறுவட்டத்துக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கட்டும். பங்காளிகள் பூமி பிரிக்கிறதைவிடவா கஷ்டம்?

பதிவேடு எங்கே இருக்கு?

நொய்யலின் குறுக்கே அணைக்கட்டுகள் வரிசையாக இருக்கின்றன. மதகுக்குப் பக்கத்தில் சுவரில் அளவுகோல் வரைந்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பொதுப்பணித்துறையாக இருந்து 2021-ல் நீர்வளத்துறை என்று தனியாகப் பிரிந்த துறையின் கையில் அணைக்கட்டுப் பதிவேடுகள் இருக்க வேண்டும். ஆறு காவிரியில் சேர்வதற்கு முன்னால், ஈரோடு மாவட்டம் எழுநூத்திமங்கலத்தில் மத்திய நீர் ஆணையம் அளவீட்டு நிலையம் வைத்திருக்கிறது. மாநிலத்தின் நிலத்தடி நீர்க் கணக்கைப் போடுகிற தரவு மையம் சென்னை தரமணியில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணி ஒரே தண்ணி, அது மூணு ஆபீசில் மூணு காகிதமாகக் கிடக்கிறது.

எழுநூத்திமங்கலத்துப் பதிவேட்டை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டாலும் மோசம் போய்விடுவோம். நொய்யலில் கோயமுத்தூர்ச் சாக்கடையும் திருப்பூர்ச் சாக்கடையும் கலந்து வருகிறது. அந்த ஊர்களில் குழாயில் வருகிற தண்ணி சிறுவாணியிலிருந்தும் பவானியிலிருந்தும் வந்தது, நம்ம பூமியிலிருந்து ஊறியது இல்லை. அது குளியலறை, சமையலறை வழியாக ஆற்றில் விழுந்து கோடையிலும் ஓடுகிறது. சாயப்பட்டறைக் கழிவு ஓடின காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகப் போனதும், கழிவை முழுசாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் இந்த மண்ணின் கதை. அந்த வருசங்களின் கோடை ஓட்டத்தைப் பார்த்து, 'ஆகா, நிலத்தடி நீர் நல்லா ஊறுகிறது' என்று எவனாவது எழுதினால் அதைவிட அநியாயம் கிடையாது. சாக்கடைக்கும் கோடை கிடையாது, அது பாதி பாதியாகக் குறையாது. ஒரே அளவாக வந்துகொண்டிருக்கும். பதிவேட்டைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். உப்பை அளந்தால் இன்னும் சுலபம்.

அதனால்தான் நாம் பெரிய ஆற்றின் கணக்கை மட்டும் கேட்கவில்லை. சாக்கடை சேர்வதற்கு மேலே, பள்ளம் பள்ளமாக அளக்கச் சொல்கிறோம். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணியைக் கொண்டுவர வழி பிறந்தது. அதற்காக எத்தனை காலம் போராடினோம் என்று பெரியவர்களைக் கேளுங்கள். இனி அந்தக் குட்டைகளுக்குக் கீழே உள்ள பள்ளங்களில் கசிவு வந்தால், அது மழை ஊட்டியதா, திட்டம் ஊட்டியதா என்று பிரிக்க வேண்டும். குட்டைக்கு எவ்வளவு விட்டார்கள் என்ற கணக்கும், பள்ளத்துக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பிரிக்க முடியும். இல்லையென்றால் பத்து வருசம் கழித்து, திட்டம் பலன் கொடுத்ததா இல்லையா என்று மேடை போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

மணல் எடுத்த ஆற்றில் இன்னொரு கோளாறு. படுகை கீழே இறங்கிவிட்டால் பழைய அளவுகோல் பொய் சொல்லும். இரண்டு அடி தண்ணி என்றால் இத்தனை கன அடி என்று முன்னே போட்ட அட்டவணை இப்போது பொருந்தாது. வருசம் ஒரு முறை அட்டவணையைச் சரிபார்க்காத நிலையத்தின் எண்ணை நாம் ஏற்கக்கூடாது.

இதுக்கெல்லாம் நிதி இல்லை என்று பதில் வரும். நிதி வரும் வரைக்கும் நாம் சும்மா இருக்கப் போவதில்லை. பள்ளத்தில் நேரான ஒரு இடம் பாருங்க. பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்க. ஒரு தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு அது கடக்கிற நேரத்தை செல்போனில் பாருங்க. அகலம் 2 மீட்டர், ஆழம் 10 சென்டிமீட்டர், இருபது நொடி ஆனது என்றால் நொடிக்கு அரை மீட்டர் வேகம். மேல் தண்ணி வேகமாகவும் அடித் தண்ணி மெதுவாகவும் போவதால் 0.85-ஆல் பெருக்கணும். நொடிக்கு 85 லிட்டர் வரும். அது 3 கன அடி. தண்ணி கம்மியானால் தகரத்தில் செங்கோணமாக 'வி' மாதிரி வெட்டிப் பள்ளத்தில் பதிக்கலாம்; போர் தண்ணி அளக்கிறவங்க வச்சிருக்கிற அதே சங்கதிதான். வெட்டின முனையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரம் வந்தால் நொடிக்கு 25 லிட்டர். 10 சென்டிமீட்டர் என்றால் பாதி என்று எழுதிவிடாதீங்க. நாலரை லிட்டர் கூட இல்லை. உயரம் பாதியானால் தண்ணி ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உயரத்தைத் தகரத்தின் மேலேயே வைத்து அளக்காமல், கொஞ்சம் தள்ளி மேல்பக்கமாக, தண்ணி சாயாத இடத்தில் அளக்கணும்.

மழை விட்ட மூணாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட எழுதலாம். பக்கத்திலேயே மழை அளவு, அதோடு ஒரு கிணற்றின் நீர்மட்டம், உங்க மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினது என்பது. மோட்டார் நேரத்தை எழுதச் சொன்னதும் சிலர் முகம் சுருங்குது, தெரியுது. ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் உயிரைக் கொடுத்த மண் இது. மீட்டருக்கு நாம் இன்னைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனா இப்போ நாம் இறைப்பதை அவர்களாக ஊகித்து எழுதுகிறார்கள். கிணற்றை எண்ணி, ஒரு கிணற்றுக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுகிறார்கள். வறண்டு கிடக்கிற கிணறும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நம்ம நோட்டு நம்ம கையில் இருக்கட்டும். அரசாங்கத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஊர் கூடி முடிவு பண்ணிக்கலாம். கையில் நோட்டு இல்லாமல் அவங்க ஊகத்தை மறுத்துப் பேச வழியே இல்லை.

ஆக இன்றைக்கு மனுவில் எழுதியிருப்பது இதுதான். இந்தப் படுகையில் உள்ள அணைக்கட்டு, ஓடை அளவீட்டுப் பதிவேடுகள் அத்தனையும் பழையது முதல் புதியது வரை வட்டாட்சியர் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். குறுவட்டக் கணக்கில் நம்ம ஊருக்கு எந்த விழுக்காடு, எந்தக் கழிவு போடப்பட்டது, எந்தக் கிணறு அளக்கப்பட்டது என்று கிராமசபையில் படிக்க வேண்டும். அளவீடு இல்லாத பள்ளங்களில் நிலையம் அமைக்க வேண்டும். அதுவரைக்கும் ஊகக் கணக்கைக் காட்டிச் சிறு விவசாயிக்குக் கடன் மறுக்கக் கூடாது. அதே ஊகக் கணக்கைக் காட்டித் தண்ணி வியாபாரிக்கு அனுமதியும் கொடுக்கக் கூடாது. கடைசி இரண்டும் சேர்ந்தேதான் கேட்கிறோம். ஒன்றை மட்டும் கொடுத்து நம்மைப் பிரிக்கப் பார்த்தால் வாங்க மாட்டோம்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, நீர்வளத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதணும். நகல் கேட்கலாம், பதிவேட்டை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கவும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வந்தாகணும். மொத்தமாக 'எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதினால் தட்டிக் கழிப்பார்கள். எந்த அணைக்கட்டு, எந்த வருசம் முதல் எந்த வருசம் வரை, தினசரி மட்டமா கன அடியா, அட்டவணை கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ன, இப்படித் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு ஊரும் தன் பள்ளம் சேருகிற அணைக்கட்டுக்கு எழுதட்டும். எழுதும் மாதிரி இந்தப் பிரசுரத்தின் பின் அட்டையில் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் பந்தலுக்குப் பக்கத்தில் கொடுக்கிறார்கள், ஊருக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போங்க. ஐப்பசி மழைக்கு முன்னே குச்சி நட்டிருக்கணும்.